கவ்வாத்துக் கத்தியில் குங்குமம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் இருபது பிள்ளைகளை அதட்டி அதட்டி வளர்ந்த வாய் அது. ஆனால் அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவே பயந்துகொண்டு திரிந்தேன். காரணம் என் கணவரின் கத்தி.

அவர் கலஹா ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். சில வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் புதுக் கொழுந்து வரும். வளைந்த கத்தி, ஒரே இழுப்பு. கை பிசகினால் செடி தப்பிக்கும், கால் போகும். அதனால் வெட்டுத் தொடங்கும் நாள் காலையில், மலையடியில் இருக்கும் கவ்வாத்துச்சாமி கல்லுக்கு முன்னால் எல்லாரும் கத்தியை வரிசையாக வைப்பார்கள். சந்தனம், குங்குமம், தேங்காய், ஒரு சேவல். கும்பிட்டு, அங்கேயே சமைத்து, ஒன்றாகச் சாப்பிட்ட பிறகுதான் முதல் வெட்டு. பூசை வைப்பவர் என் கணவரின் அண்ணன். முன்பு அவர்களுடைய அப்பா வைத்தார்.

இந்த வருஷம் அந்த வரிசையில் ஒரு கத்தி குறைந்தது. குறைத்தவள் நான்தான்.

மகளுக்கு மூன்று வயதில் வலிப்பு வந்தது. மடியில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே மருந்து கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா எங்களை ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். வலிப்பு நின்றது. எது நிறுத்தியது என்று நான் டொக்டரிடமும் கேட்கவில்லை, பாஸ்டரிடமும் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்தாளே, அது போதாதா? பொட்டை அழித்தேன். தாலியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

அவர் ஒரு வருஷம் யோசித்தார். பிறகு, "நீ போற எடத்துக்கு நானும் வாரேன் புள்ள" என்று சொல்லி ஞானஸ்நானம் எடுத்தார். மாசியில் காமன் கூத்துக்கு ஆடுகிற மனுஷன், ஆடுவதை விட்டார். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடுவதை விட்டார். கூத்து நடக்கும்போது லயத்து வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பார். தப்பு மேளச் சத்தத்துக்குக் கால் மட்டும் அசையும். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

பாடசாலை ஜன்னலில் நின்றால் அந்தக் கல் தெரியும். பூசையன்று பார்த்தேன். எல்லாரும் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அவர் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டி நின்றார். கறிச்சோறு பரிமாறியபோது, நான் கட்டிக்கொடுத்த ரொட்டியைத் தனியாக உட்கார்ந்து தின்றார். பிறகு வெட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், அவருக்குப் பக்கத்து நிரையில் வெட்டியவருக்குக் கெண்டைக்காலில் கத்தி இறங்கிவிட்டது. ஏழு தையல்.

பின்னேரம் கணவரின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டவில்லை.

"உள்ளுக்கு வாங்க அத்தான், கதிரையில ஒக்காருங்க" என்றேன்.

"ஒக்கார வரல்லம்மா" என்றவர், தம்பியைப் பார்த்தார். "ஆளுங்க பயப்படுறாங்கடா. ஒரு கத்தி வெளிய நின்னதாலதான் ரத்தம் பாத்துச்சுங்கிறாங்க. நாளைக்குக் காலையில கல்லுல ஒரு நிமிஷம் வச்சு எடு. நீ கும்பிட வேணாம். கத்தி கும்பிட்டா போதும்."

"ஏலாதுண்ணே."

"அப்ப நீ நம்ம ஆளு இல்லையா? சரி, அத விடு. நாளைக்கு ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"கர்த்தர் பாத்துக்குவாரு."

அது என் வசனம். நாளுக்குப் பத்துத் தடவை நான் சொல்வது. ஆமென் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஆனால் அவர் வாயால் கேட்டபோது அந்த வளைந்த கத்தியும் அவருடைய முழங்காலும்தான் கண்ணுக்குள் நின்றன.

அண்ணன் திரும்பிப் போனார். இவர் பீலித் தண்ணியில் குளிக்கப் போனார். நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றி, பாடசாலைப் பையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று மலையடிக்கு நடந்தேன். தேங்காய் மூடியில் எறும்பு மொய்த்திருந்தது. 'அது வெறும் கல்' என்று என் மகளுக்கே சொல்லிக்கொடுத்தவள், அந்தக் கல்லுக்கு முன்னால் கத்தியை வைத்துவிட்டு மண்டியிட்டேன். சாமிக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று கல்லில் மிச்சமிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்துக் கத்தியில் தடவினேன்.

"இயேசப்பா, மன்னிச்சுக்கங்க. சாமி, நீங்களும் மன்னிச்சுக்கங்க. ரெண்டு பேரும் சேந்து அந்த மனுசனோட காலப் பாத்துக்கங்க."

முந்தானையால் துடைத்து, அவர் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் கத்தியை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் கத்தி தீட்ட உட்கார்ந்தார். பிடியும் இரும்பும் சேருகிற இடத்தில் ஒரு பூண் இருக்கும். அதன் இடுக்கில் சிவப்பு நின்றுவிட்டது. பாவி நான், அதைத் துடைக்கவில்லை.

"இது என்னா?"

"துருவா இருக்கும்."

விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். "துரு சந்தனம் மணக்குமா புள்ள?"

ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். அதுதான் எனக்கு நன்றாக வருமே. அவர் ஏசவில்லை. சவர்க்காரம் போட்டுக் கத்தியைக் கழுவினார். தேத்தண்ணி அப்படியே இருக்க, எழுந்து போய்விட்டார்.

பிள்ளைகளுக்கு அன்று நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். காது முழுக்க மலைப் பக்கம். கத்திச் சத்தம் கேட்டால் உயிர் வரும், நின்றால் போகும். பத்து மணியளவில் சத்தம் ஒரேயடியாக நின்றது. போச்சு, எல்லாம் போச்சு என்று வாசலுக்கு ஓடினேன். எல்லாரும் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் இறங்கி வந்துகொண்டிருந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். இரண்டு காலும் நன்றாக இருந்தன. "ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"கணக்கப்புள்ளகிட்ட சொல்லிட்டேன்" என்றார். "நாளையில இருந்து புல்லுக்கு மருந்தடிக்கப் போறேன். கவ்வாத்து இனி வேணாம்."

எங்கள் தோட்டத்தில் அவரை மாதிரி வெட்ட ஆள் கிடையாது. "ஏங்க? அத்தான் ஏதாச்சும் சொன்னாரா?"

"அண்ணன் ஒண்ணும் சொல்லல்ல." அவர் தோளிலிருந்து கத்தியை இறக்கினார். "அவங்கெல்லாம் அந்தக் கல்ல நம்பி வெட்டுறாங்க. நான் கல்லயும் விட்டுட்டேன். நேத்து வரைக்கும் ஒன்னோட நம்பிக்கைய நம்பித்தான் புள்ள வெட்டுனேன். இன்னைக்கு எத நம்பிக் கத்தியத் தூக்குறது?"

இருபது பிள்ளைகளும் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு லயத்துப் பக்கம் நடந்தார்.