மதார் சாகிபின் இடது கண்

மதார் சாகிபின் இடது கண் இமை பாதிக்கு மேல் எழும்பாது. பதினாறு வயதில் தண்டையார்பேட்டை லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தபோது இரும்புத் துணுக்கு தெறித்து இமையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டார்கள், காயம் ஆறியது, இமையைத் தூக்குகிற சக்தி மட்டும் போனது போனதுதான். பார்வையில் ஒரு குறையும் கிடையாது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் டாக்டர் முன்னால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையின் கடைசி வரி வரை படித்துக் காட்டுவார். அந்தக் கண்ணோடுதான் நிக்காஹ் செய்தார், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார், இருபத்தேழு வருஷம் டிரெய்லர் ஓட்டினார். இதுவரை ஒரு சைக்கிளைக்கூடத் தட்டியதில்லை. ஆளைப் பார்த்தால் எந்நேரமும் அரைத் தூக்கத்தில் இருப்பவர் மாதிரி தெரியும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவர் பிழைப்பில் மண்ணைப் போடும் என்று யார் கண்டது?

துறைமுகத்தில் வந்து இறங்கும் காயில்களைச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. காயில் என்றால் எஃகுத் தகட்டைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிய உருளை. ஒன்று இருபது டன்னுக்கு மேல் இருக்கும். டிரைவர் முதுகுக்குப் பின்னால் அதைச் சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். திடீரென்று பிரேக் போட்டால் வண்டிதான் நிற்கும். காயில் நிற்காது. கேபினை நசுக்கிக்கொண்டு முன்னால் வரும். அதனால் காயில் ஓட்டுகிறவன் நூறு கஜத்துக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று பார்த்து, பிரேக்கைத் தடவிக் கொடுத்து நிறுத்தவேண்டும். திருவொற்றியூர் பக்கம் அப்படி நிறுத்தத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புது டிரைவர்கள் மதார் பாய் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு நடை போய்வந்த பிறகுதான் காயிலைத் தொடவேண்டும் என்று பழைய முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

பழைய முதலாளி முடியாமல் வீட்டோடு உட்கார்ந்ததும் மகன் பெனிட்டோ வந்தான். நன்றாகப் படித்த பையன், மரியாதை தெரிந்தவன். அவனை டிரவுசர் போட்ட வயதில் கேபினில் ஏற்றி ஹார்ன் அடிக்கவிட்டவர் மதார். இப்போது அவனை "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

அந்த சார்தான் பதினெட்டு வண்டிகளிலும் கேமரா மாட்டினான். கண்ணாடிக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அது டிரைவர் மூஞ்சியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். டிரைவர் கண் சொக்கினால் கீச்சென்று கத்திவிட்டு, ஒரு பெண் குரலில், "ஓட்டுநரே, விழித்திருங்கள்!" என்று சொல்லும். அந்தக் கணத்துப் போட்டோ ஆபீசுக்குப் போகும்.

முதல் நாள் ராயபுரம் தாண்டி, கடல் பக்கத்து வெயில் மூஞ்சியில் அடித்ததும் மதாரின் வலது கண் கொஞ்சம் சுருங்கியது. இடது கண் ஏற்கெனவே பாதி. பெட்டி கத்தியது. காசிமேட்டில் கத்தியது. மீன் வண்டிகள் குறுக்கே புகுந்த இடத்தில், கவனமாகப் போகவேண்டிய இடத்தில், விடாமல் கத்தியது. சாத்தாங்காடு போய்ச் சேருவதற்குள் நாற்பத்தொரு தடவை.

போன் வந்தது. ஆபீசில் கேமராத் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும் ராமசெல்வி. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், பிழைப்புக்கு வந்து திருவொற்றியூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"அண்ணாச்சி, தூங்கிட்டீகளா?"

"தூங்கிகினே எப்டிம்மா போனை எடுப்பேன்?"

"எனக்குத் தெரியுது அண்ணாச்சி. கத்துச்சுன்னா ரெண்டு நிமிசத்துல கூப்பிடணும்னு ரூலு."

ஒவ்வொரு போட்டோவையும் பார்த்து ராமசெல்வி ஒரு பொத்தானை அமுக்கவேண்டும். அங்கே இருந்ததே இரண்டு பொத்தான். ஒன்று 'தூக்கம்'. இன்னொன்று 'கவனக்குறைவு'. 'இந்த மனிதன் நன்றாகத்தான் இருக்கிறான்' என்று சொல்ல மூன்றாவது பொத்தானை எவனும் வைக்கவில்லை. வைக்கத் தோன்றியிருக்காது. டிரைவர் என்றால் தப்பு செய்கிறவன், எந்தத் தப்பு என்பதுதான் கேள்வி என்று முடிவு கட்டிவிட்டுத்தானே பெட்டியையே செய்திருக்கிறார்கள்? ராமசெல்வி பாவப்பட்டு 'கவனக்குறைவு' அமுக்கினாள்.

தினமும் சாயங்காலம் டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மார்க் பட்டியல் வரும். பச்சையில் மேலே இருப்பவர்கள் நல்ல டிரைவர்கள். சிவப்பில், கடைசியில், மதார் சாகிப், முப்பத்தாறு மார்க். அவரிடம் காயில் பழகிய செங்குட்டுவனுக்கு எண்பத்தெட்டு.

"இன்னா பாய், உன் சின்ன வூடு இன்னிக்கு எத்தினி வாட்டி கூப்ட்டுச்சு?" என்று யார்டில் செங்குட்டுவன் கிண்டலடித்தான். முதல் வாரம் மதாரும் சேர்ந்து சிரித்தார். மூன்றாவது வாரம் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் தொடர்ந்து அறுபதுக்குக் கீழே போனால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவோம் என்று குரூப்பில் அறிவிப்பு வந்திருந்தது. அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. கேமராக் கம்பெனி இந்த மார்க்கை மற்ற டிரான்ஸ்போர்ட்காரர்களுக்கும் காட்டுமாம். பெயரைத் தட்டினால் ஆள் தூங்குமூஞ்சியா இல்லையா என்று வந்துவிடும். இருபத்தேழு வருஷமாகச் சேர்த்த பேர் அது. இந்தக் கரையில் அதற்குப் பிறகு ஒருத்தனும் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கமாட்டான்.

மதார் ஆபீசுக்குப் போய்ப் பெனிட்டோ முன்னால் நின்றார்.

"சார், என் கண்ணு உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியாதா பாய்? சின்ன வயசுல இருந்து பாக்குறேன். கேமராக் கம்பெனிக்கு மெயில் போட்டாச்சு. பதில் வரட்டும்."

பதில் வர இருபது நாள் ஆனது. ராமசெல்விதான் படித்துச் சொன்னாள். "ஓட்டுநர் தம் கண்களை முழுமையாகத் திறந்து வைத்திருக்குமாறு அறிவுறுத்தவும்."

மதாருக்குக் காது சூடேறியது. முப்பத்தேழு வருஷமாகத் திறக்காத இமையைத் திறக்கச் சொல்லி எவனோ ஒருத்தன் ஏசி ரூமில் உட்கார்ந்து அறிவுறுத்துகிறான். நொண்டியிடம் ஓடச் சொல்லி அறிவுறுத்துவானா? செய்வான். கேட்க ஆள் இல்லை என்று தெரிந்தால் செய்வான்.

"கேமராவைக் கழட்டிடு சார் என் வண்டில மட்டும்."

"முடியாது பாய். எல்லா வண்டிலயும் இருந்தாத்தான் இன்ஷூரன்ஸ் குறையும். ஒண்ணுல கழட்டினா மொத்தமும் போச்சு. எப்படியாவது மார்க்கை மட்டும் ஏத்திடுங்க."

எப்படியாவது என்று அவன் சொன்னது மதார் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்றாவது மாதம் பிறந்ததும் மனைவி சாபிராவிடம் கேட்டுவிட்டார். சாபிரா ஒரு கிளினிக்கில் ஆயா. பிளாஸ்திரி ஒட்டுவதில் நர்சுகளைவிடக் கெட்டிக்காரி.

"இமையைத் தூக்கிப் புருவத்தோட சேத்து ஒட்டிவுடு."

"இன்னாங்க, பைத்தியமா புட்ச்சிருக்கு? கண்ணு காஞ்சி பூடும்."

"வண்டி பூட்டா கண்ணை வச்சிகினு இன்னா பண்ணப் போறேன்?"

சாபிரா அந்தக் கேமராக்காரன் வம்சத்தையே வாய்க்குள் சபித்துக்கொண்டு ஒட்டிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தார் மதார். பேயறைந்தவன் மாதிரி ஒரு முழி.

பெட்டி வாயே திறக்கவில்லை. அன்று தொண்ணூற்று நான்கு மார்க். மறுநாள் தொண்ணூற்றாறு. பச்சையில், செங்குட்டுவனுக்கு மேலே. "மதார் பாய் அசத்தல்! எல்லாரும் இவரைப் பார்த்துக் கத்துக்கணும்" என்று பெனிட்டோ குரூப்பில் போட்டான், கைதட்டும் பொம்மை நான்கோடு.

மூட முடியாத கண்ணில் உப்புக் காற்றும் நிலக்கரித் தூசும் விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியுமா? முதலில் எரிந்தது. பிறகு தண்ணீர் கொட்டியது, கூடவே வலது கண்ணும் கலங்கியது. இடது பக்கம் முழுக்க மழையில் நனைந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி ஆனது. துடைத்தால் பிளாஸ்திரி நழுவும், நழுவினால் பெட்டி கத்தும். துடைக்காமல் ஓட்டினார்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி, எர்ணாவூர் மேம்பாலம். இருபத்திரண்டு டன் காயிலோடு பாலத்திலிருந்து இறங்கும்போது இடது பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நல்ல நாளில் அதை அவர் பாலத்து உச்சியிலேயே பார்த்திருப்பார். அன்று அவருக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் கலங்கல். அது ஆட்டோ என்றும், ஏறுவது கைப்பிள்ளையோடு ஒரு பெண் என்றும் புரிந்தபோது முப்பது அடிகூட இல்லை. வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். பிரேக்கை ஏறி மிதித்தார்.

வண்டி நின்றது. பின்னால் ஒரு சங்கிலி அறுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள், ஆட்டோ போய்விட்டது.

மதார் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தார். புருவ மயிரும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. உடனே பெட்டி, "ஓட்டுநரே, விழித்திருங்கள்!" என்றது. இறங்கிப் பின்னால் போனார். காயில் உருளாமல் முன்பக்கம் முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. காயில் கேபினை நோக்கி நகர்ந்து நின்றிருந்தது. எவ்வளவு என்று கையை வைத்து அளந்தார். ஒரு சாண். இன்னும் இரண்டு சாண் நகர்ந்திருந்தால் அவர் முதுகு.

புதுச் சங்கிலி வரவழைத்துக் கட்டி, சாத்தாங்காட்டில் காயிலை இறக்கிவிட்டு, நேரே ஆபீசுக்கு வந்தார். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது.

பெனிட்டோ திரையைப் பார்த்துக்கொண்டே, "என்ன பாய், பாலத்துல ஒரே ஒரு சடன் பிரேக். பரவாயில்ல, அப்பவும் தொண்ணூத்தஞ்சு இருந்துச்சு. அதுக்கப்புறந்தான் கத்தியிருக்கு" என்றான்.

மதார் சட்டைப் பையிலிருந்த பிளாஸ்திரிச் சுருளை மேஜையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பிறகு, "நீ ஒட்டிக்க சார். உன் கண்ணுல ஒட்டிகினு என்கூட வண்டில வா. மார்க் எப்டி வர்துன்னு காட்றேன்" என்றார்.

பெனிட்டோ சுருளைத் தொடவில்லை. மெதுவாகக் கேட்டான். "கஷ்டந்தான் பாய். வேற மாதிரி ஏதாவது ஒட்டிப் பாக்கலாமா? மார்க் வருதுல்ல?"

அந்த இடத்தில்தான் மதார் சாகிபுக்கு வாயிலிருந்து 'சார்' உதிர்ந்துபோனது.

"பெனிட்டோ! நான் இனிமே இந்தக் கண்ணோடதான் வருவேன். அது கத்தினா கத்தட்டும். ஒண்ணாந் தேதி நீ என்னை எறக்கிவுடு. ஆனா தூங்கினான்னு எழுதி எறக்காத. பாய் தூங்கல, எங்க மிசினுக்கு அவரு கண்ணு புரியல, அதனால எறக்கறேன்னு லெட்டர்ல எழுதிக் கையெழுத்துப் போடு."

"அப்படி எழுதினா இன்ஷூரன்ஸ்காரன் என்னைக் கேப்பான் பாய். கேமரா தப்புன்னு நீங்களே சொல்றீங்களேன்னு."

"அப்போ தப்புன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே என் மூஞ்சிய தெனம் செவப்புல போட்டுகினு இருந்த."

ஓரத்து மேஜையில் பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ராமசெல்வி ஒரு தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். மதார் சொன்னது அப்படியே அச்சாகியிருந்தது. அடியில் 'பார்த்த சாட்சி' என்று போட்டு அவளே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"என்ன ராமசெல்வி இது?"

"மூவாயிரத்துச் சொச்சம் போட்டோ பாத்திருக்கேன் சார். ஒண்ணுலகூட அண்ணாச்சி தூங்கல. ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்காக. அமுக்குறதுக்குப் பொத்தான் இல்ல. அதான் கையெழுத்துப் போட்டேன்." அந்த மாதச் சம்பளத்தில்தான் ஊரில் அவள் அம்மா சாப்பிடுகிறாள்.

பெனிட்டோ ரொம்ப நேரம் தாளைப் பார்த்தான். மதார் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. கடைசியில் பேனாவை எடுத்து 'அதனால் வண்டியிலிருந்து இறக்குகிறோம்' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டான்.

"இறக்கல பாய். போதுமா?"

"போதாது" என்று சொல்லிவிட்டு மதார் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

போதவில்லைதான். மார்க் இன்றும் சிவப்பிலேயே வருகிறது. பெயரைத் தட்டினால் தூங்குமூஞ்சி என்றே ஊரெல்லாம் காட்டுகிறது. அந்தத் தாள் மதார் போகிற இடத்துக்கு மட்டும்தான் போகும். அதை லேமினேட் செய்து, கேமராவுக்கு நேர் எதிரே, சீட்டின் தலைமாட்டில் மாட்டியிருக்கிறார். பெட்டி எடுக்கிற ஒவ்வொரு போட்டோவிலும் அவர் மூஞ்சியோடு அதுவும் சேர்ந்து ஆபீசுக்குப் போகிறது.

நேற்று எர்ணாவூர் பாலம் இறங்கும்போது வழக்கம்போல, "ஓட்டுநரே, விழித்திருங்கள்!" என்று கத்தியது. மதார் அதன் பரம்பரையை இழுத்து, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை ஒன்றைச் சொன்னார். முன்னால், வெகு தூரத்தில், ஒரு ஷேர் ஆட்டோ ஓரங்கட்டியது. அவர் பிரேக்கைத் தடவிக் கொடுத்தார். பின்னால் இருபத்திரண்டு டன் இரும்பு ஓர் இம்மிகூட அசையவில்லை.