கருஞ்செவிப் பூனையைக் கண்ட அய்ஜெமால்

"நான் கண்ணால பார்த்தேன்னு சொல்றேன், இந்தத் தெருவுல ஒரு கழுதையாவது நம்புதா?"

அய்ஜெமால் அக்கா இதைச் சொல்லாமல் ஒரு நாளும் ரொட்டி சுட்டதில்லை. காராகும் பாலைவன மணல் எங்கள் ஊர் வேலியைத் தொடும் இடத்தில், கடைசி வீடு அவளுடையது. அங்கிருந்துதான் கருஞ்செவிப் பூனையை, யாரும் கண்டிராத அந்த நாய் உயரக் காட்டுப்பூனையை, பார்த்தாள். ஒருமுறை எரிவாயுக் குழாய்மேல், ஒருமுறை என் வீட்டுக் கூரையில். அது குழாய்மேல் நடந்த மாதிரி நான் இடுப்பை ஆட்டி நடந்து காட்டுவேன்.

"சிரிடி, நல்லா சிரி. உன் கோழிய தூக்கிட்டுப் போறப்ப நானும் வந்து சிரிக்கிறேன்."

ஆனால் அது தூக்க வந்தது அவளுடைய ஆட்டுக்குட்டிகளை. ஒரே வாரத்தில் மூன்று, தொண்டை கிழிந்து கிடந்தன. ஓதி அறுக்காத இறைச்சியை நாங்கள் தொடுவதில்லை. எல்லோரையும் போல அவளும் தன் நாய் ஆக்பாய்க்குப் போட்டாள். வினை அதில்தான் வந்தது. அவளுடைய செத்துப்போன கணவனின் அண்ணன் நுர்பெர்தி துப்பாக்கியோடு வந்து நாயின் வாயைப் பிளந்து பார்த்தார். பல்லிடுக்கில் ஆட்டு முடி.

"ருசி கண்ட நாய். சுட்டுட வேண்டியதுதான்."

அவர் முன்னால் அக்கா முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி முப்பது வருஷம், எங்கள் மருமகள்களின் வழக்கப்படி, மூத்தவரிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை. என் காதில் முணுமுணுத்தாள். நான் உரக்கச் சொன்னேன்: "செத்தத நான்தான் போட்டேன். கொன்னது பூனை. ஒரு நாள் பொறுக்கச் சொல்லு."

அவளைப் போலப் பேசிக் காட்டிய பழக்கதோஷம், அவள் குரலிலேயே மூக்கால் சொல்லிவிட்டேன். கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சரி, நாளைக்கு விடியிற வரைக்கும். நாய் என் வீட்டுல கிடக்கட்டும்" என்று நுர்பெர்தியும் சிரித்தபடியே அதை இழுத்துப் போனார்.

விடியற்காலை பட்டிக்குள்ளிருந்து அலறல் கேட்டு ஓடினேன். சுவர் தாண்டிக் குதித்த பூனைமேல் அக்கா கம்பளத்தை வீசி, முழங்காலால் அமுக்கி, அடுப்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தாள். கம்பளத்தைக் கிழித்து வந்த நகம் அவள் முன்கையை எலும்புவரை உழுதது. விடவில்லை. மண்டை நொறுங்கிய சத்தம் கேட்ட பிறகும் நாலு அடி போட்டாள்.

இரத்தம் சொட்டச் சொட்ட, அதன் பின்னங்காலைப் பிடித்து வீதியோடு இழுத்துப் போனாள். பாதி வழியில் வெடிச்சத்தம்.

நுர்பெர்தியின் வாசலில் ஆக்பாய் சங்கிலியோடு கிடந்தது. ஒரு கால் மட்டும் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. அவர் பூனையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"ராவெல்லாம் ஊளை. விடிஞ்சதும் சுட்டுட்டேன், சொன்ன சொல்லு சொல்லுதானே? விடும்மா, நல்ல நாய்க்குட்டியா ஒண்ணு தர்றேன்."

அக்காவுக்காகப் பேச நான் வாயைத் திறந்தேன். என்னைத் தள்ளிவிட்டு, பல்லில் கடித்திருந்த முக்காட்டு நுனியைத் துப்பினாள். தன் வாயால் அவரிடம் அவள் பேசியது அந்த ஒரு தடவைதான்:

"குட்டிய நீங்களே வெச்சுக்கங்க, பெரியவரே. இந்தப் பூனையோட ஜோடி இன்னும் மணல்லதான் சுத்துது. அது உங்க பட்டிக்கு வர்ற அன்னைக்கு, நீங்களே நாலு கால்ல நின்னு குரைங்க!"