கை தூக்கித் தேர்ந்தெடுத்த தலைவர்

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தில், புலாவ் செபாங் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, பால்மரம் வெட்டப் போகும் ஒவ்வொருவரையும் காலையில் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். காவலர் எதிரே வந்து நின்றால் இரண்டு கைகளையும் தூக்க வேண்டும்; அவர் 'போ' என்று சொல்லும்வரை இறக்கக் கூடாது.

அந்தச் சமயத்தில் எங்கள் கோயில் தலைவர் இறந்துபோனார். அவர் சொன்ன நாளில்தான் தீ மிதித்தோம்; அவர் சொன்ன ஆள்தான் கரகம் எடுத்தான். அடுத்தது அவர் மகன்தான் என்று எல்லாரும் இருந்தபோது, "இதென்ன ராஜா வீட்டுப் பட்டமா? ஓட்டுப் போடுவோம் லா" என்று கத்தியவன் நான். எதிர்த்துப் போட்டியிட்டதும் நான்தான். நாங்கள் குடியிருந்த லயத்தில் பாதிப் பேர் என் பக்கம் என்று விசாரித்தும் வைத்திருந்தேன்.

கூட்டம் போட போலீஸ் அனுமதி வேண்டும். அனுமதியோடு கேட்டில் நிற்கும் அதே காவலரையும் அனுப்பிவைத்தார்கள். அவர் துப்பாக்கியோடு எங்கள் எதிரே வந்து நின்றார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி முதலில் மகன் பெயரைச் சொல்லி, "வேணுங்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார்.

எல்லாரும் தூக்கினார்கள், இரண்டு கைகளையும்.

"ஏகமனதா முடிஞ்சுபோச்சு. இன்னொரு பேரு எதுக்கு?" என்று கிராணி நோட்டை மூடினார். ஆட்சேபிக்க வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன். என் கைகளும் மேலேதான் இருந்தன, காவலர் 'போ' என்று சொல்வதற்காக.