சுருதி இறங்கிய கச்சேரியில் ஒரு கடம்

“மாசிப் பௌர்ணமி. செங்கம் சாலை மண்டபம். வாய்ப்பாட்டு. சுருதி ஐந்து கட்டை.” இப்படி எழுதி, பிறகு ஐந்தை அடித்து நாலரை என்று திருத்தியிருக்கிறேன். கச்சேரிகளுக்கு மைக் செட் போடும் வேலையில் இருந்தவரை, ஒவ்வொரு கச்சேரிக்கும் இரண்டு வரி குறித்து வைப்பது என் வழக்கம். புதிதாக மிக்ஸர் முன் உட்காருகிறவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் கதை பயன்படலாம்.

சென்னையிலிருந்து வந்திருந்த பாடகி வைதேகிக்கு அன்று மாலை தொண்டை கட்டிவிட்டது. மைக் டெஸ்டின்போது இரண்டு வரி பாடிப் பார்த்தவர் நிறுத்திவிட்டார்.

“மேல் ஷட்ஜமம் நிக்கவே மாட்டேங்குது. அரைக்கட்டை கம்மி பண்ணிக்கலாமா?”

வயலினுக்குச் சிக்கல் இல்லை. தந்தியைத் தளர்த்தினால் போதும். மிருதங்க வித்வான் ராகவன் சார் சிரித்தார். “எனக்கென்னம்மா, நாலு தட்டு தட்டினா எறங்கிடும். பானையை எப்படித் தட்டறது? அப்புறம் தொடப்பத்தாலதான் அள்ளணும்.”

யாரும் சிரிக்கவில்லை. கடம் வாசிக்க வந்திருந்த பத்மாவதியைத்தான் எல்லோரும் பார்த்தோம். கடத்தின் சுருதி சூளையில் வேகும்போதே நிலைத்துவிடுவது. களிமண் அப்பிக் கொஞ்சம் சரிக்கட்டலாம். அரைக்கட்டை இறக்க முடியாது.

“நாலரைக் கடம் வேலூர்ல நான் தங்கியிருக்கற வீட்ல இருக்குங்க,” என்றார் பத்மாவதி. “இன்னிக்குக் கிரிவலக் கூட்டம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. எடுத்துட்டு வர வழியில்ல. நான் கீழ உக்காந்து கேக்கறேங்க்கா.”

சொந்த மாவட்டத்தில் அவருக்கு அது முதல் மேடை. விவசாயம் செய்யும் சமணக் குடும்பம். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர் வந்து, தங்கள் வழக்கப்படி இருட்டுவதற்கு முன்பே கட்டுச்சோற்றை முடித்துக்கொண்டு முன்வரிசைகளில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ராகவன் சார்தான் வழி சொன்னார். “எங்கிட்ட ரெண்டு மிருதங்கம் இருக்கு. ஒண்ணை எறக்கிக்கறேன், இன்னொண்ணு அஞ்சுலயே இருக்கட்டும். தனி ஆவர்த்தனத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும்தான் வாசிப்போம், நீங்க பாடாம தாளம்தானே போடப்போறீங்கம்மா? அந்த நேரத்துக்கு சுருதியை ஏத்திடுவோம். பொண்ணு வாசிக்கட்டும்.”

“நடுவுல சுருதி மாத்தினா ஜனங்க சிரிப்பாங்க சார்,” என்றார் வயலின்காரர்.

“என்னைப் பாத்து சிரிக்கட்டும். முடிஞ்சதும் கை தட்டுவாங்க இல்ல, அந்தச் சத்தத்துல எறக்கிடலாம்.”

வைதேகி சம்மதித்தார். எலக்ட்ரானிக் தம்பூராவை என் மிக்ஸர் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஏற்றுவதும் இறக்குவதும் என் பொறுப்பு.

கச்சேரி தொடங்கி உருப்படி மேல் உருப்படியாகப் போனது. பத்மாவதி மேடையில் கடத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா எழுந்து என்னிடம் வந்து குனிந்தார்.

“சார், எங்க பொண்ணுக்கு மைக் போட மறந்துட்டீங்களா? ஒண்ணுமே கேக்கலியே.”

“மைக் இருக்குங்க. அவங்க முறை இன்னும் வரல.”

“பக்கத்துல இருக்கறவரு எப்பவோ ஆரம்பிச்சிட்டாரே?”

கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினேன். அவர் போய் உட்கார்ந்தார்.

கல்யாணி ராகத்தில் பெரிய கிருதியைப் பாடி வைதேகி தனிக்கு விட்டதும் ராகவன் சார் மிருதங்கத்தை மாற்றினார். நான் சுருதியை ஐந்துக்கு ஏற்றினேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ, “மிஷின் கோளாறு,” என்றார். பிறகு கடம் பேசத் தொடங்கியது. முணுமுணுப்பு அடங்கியது. முன்வரிசையில் அந்த அப்பா தாளம் தெரியாமலேயே தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

வழக்கமாக, தனியின் கடைசிக் கோர்வை முடியும் இடத்தில் பாடகர் பல்லவி வரியை எடுக்க வேண்டும். அந்த வரியில் போய் இறங்கினால்தான் வாசித்தவருக்கு வாசித்தது முழுமை. அன்று கைதட்டலில் சுருதியை இறக்குவதற்காக அந்த இடத்தைக் காலியாக விடுவதாகப் பேச்சு. என் விரல் தம்பூராவின் குமிழில் இருந்தது. கோர்வை முடிந்தது. கைதட்டல் எழும் முன்பே வைதேகி பாடிவிட்டார், ஐந்து கட்டையிலேயே. மேல் ஷட்ஜமத்தில் குரல் கீறியது. அப்படியே பிடித்து வரியை முடித்தார். வயலின்காரர் வில்லைத் தூக்கியபடி அசையாமல் இருந்தார். பத்மாவதி தலை குனிந்து கடத்தை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். நான் குமிழிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் சுருதி இறங்கியது.

நான் கற்றது இவ்வளவுதான்: பேசி வைத்த இடம் வந்துவிட்டது என்பதற்காகவே குமிழைத் திருப்பாதீர்கள். முதலில் மேடையைப் பாருங்கள்.

வைதேகி ஏன் அந்த வரியைப் பாடினார் என்று பிறகு இருவரிடம் கேட்டேன். “பழக்கதோஷம் சார். காதுல அஞ்சு ஓடினா வாயும் அஞ்சுலதான் எடுக்கும்,” என்றார் வயலின்காரர். ராகவன் சார் ஒப்புக்கொள்ளவில்லை. “தெரிஞ்சேதான்யா எடுத்துச்சு அந்தம்மா,” என்றார். வைதேகியிடம் நான் கேட்கவில்லை. ஆகவே இது இன்னும் உறுதிசெய்யப்படாத தகவல்.