ஈயத்தாள் வாஷர்

“கியர்ப் பெட்டி ஒயிலில் தண்ணீர். வாஷர் போட்ட உன் தவறா, படகோட்டிய டிரைவரின் தவறா? சோதித்துத் திங்கள் காலை எழுதிக் கொடு. தவறு செய்தவன் மலைக்குப் போகலாம்.”

1987 மார்ச் 7, சனிக்கிழமை, எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய துண்டு இது. மலைக்குப் போவதென்றால் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவது, வடிகால் கான் வெட்டுவது. நான் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். டிரைவர் என் தங்கையின் புருஷன். லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா. கல்யாணமான நாளிலிருந்தே எங்களுக்குள் ஆகாது.

கொத்மலை நீர்த்தேக்கத்தில் துரை ஒரு சின்னப் படகு வைத்திருந்தார். அதன் பின்னால் மாட்டும் மோட்டாரின் அடியில், தண்ணீரைத் தள்ளும் விசிறியோடு இருப்பது கியர்ப் பெட்டி. ஒயில் மாற்ற அதன் இரண்டு திருகாணிகளையும் கழற்ற வேண்டும். அவற்றுக்குரிய வாஷர் கண்டியில்கூடக் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் எது ஒழுகினாலும், தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாளை மடித்து வாஷர் வெட்டுவது எங்கள் வழக்கம். ஜனவரியில் இதற்கும் அப்படியே வெட்டிப் போட்டேன். பெப்ரவரி கடைசியில் ஒயில் தண்ணீர் கலந்து பால்போல வெளுத்திருந்தது.

ஞாயிறு காலை, மோட்டாரின் அடிப்பாகத்தைக் கழற்றி என் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தேன். டிரைவர் வந்து படியில் நின்றான்.

“டீப்பெட்டித் தாள்ல மோட்டாருக்குக் கோவணம் கட்டுனது நீங்கதானே மச்சான்?”

“தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குற பழைய ஊரு வீட்டுச் சுவத்துல விசிறிய இடிச்சது நீங்கதானே மாப்புள?”

“இடிச்சா விசிறிதான் ஒடையும். ஒடைஞ்சிருக்கா, நல்லாப் பாருங்க.”

உடையவில்லை. ஆனால் இடித்த வேகத்தில் விசிறித் தண்டு ஆடி, அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கெட்டிருக்கலாம்.

திருகாணிகளைக் கழற்றியபோது பழைய ஈயத்தாள்கள் கிழிந்து வந்தன. கழற்றினால் அவை எப்போதும் கிழியும். ஒயிலை வடித்து, மேல் துளையைப் புது ஈயத்தாள் வைத்து மூடினேன். கீழ்த் துளையில் சைக்கிள் பம்பின் குழாயை அழுத்தமானியோடு சேர்த்து இறுக்கினேன். பெட்டியைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கினேன். பத்து இறாத்தல் காற்றழுத்தம் போதும், மிஞ்சினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும் என்று மோட்டாரோடு வந்த புத்தகத்தில் இருந்தது.

பத்தில் நிறுத்தினேன். ஐந்து நிமிடம் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை.

சீல் ஒழுகவில்லை என்றால், தண்ணீர் புகுந்தது நான் போட்ட பழைய ஈயத்தாள் வழியாகத்தான். அது அவனுக்கும் புரிந்துவிட்டது. தன் காம்பராப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

“இந்தாடி, ஒங்கண்ணனுக்கு ஒரு மம்பட்டி தேடி வையி. கான் வெட்டப் போறாரு!”

உள்ளிருந்து தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பம்பை மறுபடி பிடித்து அடித்தேன். முள் பதினைந்தைத் தாண்டியது. இருபதையும் தாண்டியது.

“என்ன மச்சான், வெடிக்க வைக்கப் போறீங்களா?”

விசிறித் தண்டைச் சுற்றிக் குமிழிகள் பொலபொலவென்று கிளம்பின.

“மம்பட்டி யாருக்குன்னு இப்பப் பாருங்க மாப்புள.”

“நீங்க வெறி புடிச்சு அடிச்சதுல கெளம்புனது அது! தொரகிட்டயே சொல்லுவேன்.”

சொன்னான். துரை என் எழுத்தைத்தான் நம்பினார். விசிறித் தண்டின் சீல் ஒழுகுகிறது என்று அதில் இருந்தது. எத்தனை இறாத்தலில் என்று நான் எழுதவில்லை. மார்ச் 10, செவ்வாய் காலை, அவன் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் மலை ஆட்களோடு வரிசையில் நின்றான். என் மனைவி தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் தங்கை பீலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஏப்ரலில் புது சீல் வந்தது. பழையதை நானே கழற்றினேன். அதன் ஓரம் வெளியே பிதுங்கியிருந்தது. சுவரில் இடித்ததாலா, என் காற்றாலா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. யாருக்கும் காட்டாமல் கானில் எறிந்தேன். நான் இருபது இறாத்தலைத் தாண்டி அடிப்பதற்கு முன்பே அந்தச் சீல் ஒழுகியதா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படாத தகவல்.