மூன்று கிரேன் கப்பலும் சலூன் கண்ணாடியும்

அந்த ஊரடங்கு வருஷம் எங்கள் வீட்டில் ஓய்வில்லாமல் உழைத்தது கைபேசி ஒன்றுதான். மற்ற எல்லோரும் சும்மா இருந்தோம். நான் மோட்டாருக்குச் செப்புக்கம்பியில் காயில் கட்டுகிறவன், கடைக்குப் பூட்டு. எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு சலூன் வைத்திருக்கும் நண்பருக்கும் பூட்டு. பக்கத்து மாடிக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். வயதில் பெரியவர் என்பதால் தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். அவருக்கு மீன்பிடித் தடைக்காலமும் ஊரடங்கும் சேர்ந்து இரட்டைப் பூட்டு. "ஒரு பூட்டுன்னா சாவி தேடலாம், ரெண்டு பூட்டுன்னா தூங்கிடணும்" என்பார். இப்படி யாராவது ஒன்று சொன்னால் அதை மனதில் போட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம். எட்டாவதோடு நின்றவனுக்கு அப்புறம் கிடைத்த படிப்பெல்லாம் அடுத்தவர் வாயிலிருந்து வந்ததுதான்.

அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைகூடக் கைபேசியில்தான். அதை அரிசி டின்மேல் சாய்த்துவைத்து, முக்காடு போட்டு, அதன் முன்னால் முழந்தாளிடுவாள். சரியாக அப்பம் தூக்கும் நேரத்தில் படம் நின்று, நடுவில் வட்டம் சுற்றும். சாமியார் தூக்கிய கையோடு அப்படியே நிற்பார்.

"டேய், எவ்ளோ நேரம்டா அவரு கைய தூக்கிகினே நிப்பாரு? பாவம், வலிக்கும்டா. இன்னாவாவது பண்ணேன்" என்று முழந்தாளில் இருந்தபடியே என்னை அதட்டுவாள்.

பிரசவத்துக்கு வந்த தங்கச்சியும் எங்களோடு இருந்தாள். பெண் குழந்தை, மூன்று மாதம். தங்கச்சிக்கு நாள் தள்ளிப்போயிருந்த சமயத்தில் கப்பலேறியவன் மாப்பிள்ளை. ஒன்பது மாதம் என்று போனவன் பதினொன்று ஆகியும் இறங்கவில்லை. எந்த ஊர்த் துறைமுகத்திலும் ஆளை இறக்க விடவில்லை. தினமும் சிக்னல் கிடைக்கிற நேரத்தில் கூப்பிடுவான். கைபேசியைக் குழந்தையின் முகத்துக்கு நேராகப் பிடிப்போம். அவன் அந்தப் பக்கம் கொஞ்சிக் கூப்பிடுவான். குழந்தை கைபேசியை நக்கப் பார்க்கும்.

வைகாசி வெயிலில் ஒரு காலை, கூப்பிட்டவன் குழந்தையைக் கேட்கவில்லை.

"மச்சான், சீக்கிரம் மாடிக்குப் போ."

"இன்னா மாப்ள? இன்னா ஆச்சு?"

"நம்ம ஊரு தெரியுது மச்சான். நங்கூரம் போட்டாச்சு. உள்ள எடம் காலியாவுற வரைக்கும் இங்கதான் நிப்போம்."

மாடிக்கு ஓடினேன். கடல் எங்கள் மாடியிலிருந்து கைநீட்டினால் தொடுகிற தூரம். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு டஜன் கப்பல் நின்றது. அதில் ஒன்றில் என் மாப்பிள்ளை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் சிக்கலையும் சொன்னான். அவன் இடத்துக்கு வேறு ஆள் ஏறினால்தான் இவன் இறங்கலாம். ஏறவேண்டிய ஆள் தூத்துக்குடியில் ஊர் தாண்டிவர இ-பாஸ் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறான். கப்பல் துறைமுகத்துக்குள் போய், சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்புவதற்குள் அவன் வந்து சேரவேண்டும். வராவிட்டால் மாப்பிள்ளை அதே கப்பலில் வெளிநாடு போகவேண்டியதுதான். அப்புறம் எத்தனை மாதமோ.

விஷயத்தைக் கேட்ட அம்மா, "கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலன்னு கேட்டுகீறேன். இது இன்னாடா, கண்ணுக்கு எட்டுனது கைக்கு எட்டல" என்றாள்.

தங்கச்சி அழவில்லை. "இறங்குறாரோ இல்லியோ, புள்ளய ஒரு தபா நேர்ல பாக்கட்டும்ணா. அந்த டப்பாக்குள்ள இல்லாம" என்றாள்.

பன்னிரண்டு கப்பலில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கப்பலைத் தேடித்தரும் ஆப் ஒன்று இருப்பதாக யாரோ சொன்னதால் இறக்கிக்கொண்டேன். பெயரை அடித்தால் கடல் படத்தில் அம்புக்குறி நிற்கிறது. எங்கள் மாடிக்கு நேர் எதிரே! எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை, அந்த ஆப்பை நானே செய்ததுபோல. மறுநாள் காலையிலிருந்து தங்கச்சி குழந்தையைக் குளிப்பாட்டி, மைப் பொட்டு வைத்து, மாடிக்குக் கொண்டுவந்து, அந்தக் கப்பலுக்கு நேராகத் தூக்கிக் காட்டுவாள். நான் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பை ஆட்டுவேன். "தபாரு, அப்பா அங்க கீறாரு" என்று அவள் சொல்ல, குழந்தை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். மாப்பிள்ளை மட்டும், "எங்க மச்சான், ஒண்ணும் தெரிலியே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள், பக்கத்து மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த நைனா கைப்பிடிச் சுவர் அருகில் வந்தார்.

"இன்னா தம்பி, மூணு நாளா துணி ஆட்டிகினு கீற? காக்கா தொல்லையா?"

கதையைச் சொன்னேன். கப்பலைக் காட்டினேன்.

"மாப்ள கப்பல்ல இன்னா சரக்கு?"

"உரம், நைனா."

"உரம் வந்தா அள்றதுக்கு கிரேன் இருக்கணுமேபா. நீ காட்டுறது எண்ணெ கப்பலு. மேல பாரு, பொட்டலா கீது."

ஆட்டிக்கொண்டிருந்த விரிப்பைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டால், "மூணு கிரேன் மச்சான், மஞ்ச கலரு. வந்த அன்னிக்கே எடம் மாத்தி நிறுத்திட்டாங்க" என்றான். ஆப் என்னவோ பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. நைனா வாயில் பற்பசை நுரையோடு ஒரே பார்வை பார்த்தார். "தோ, தெக்கால ரெண்டாவது. இத்த கண்டுபுடிக்க போன் வேற."

சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. வண்டியில் காய்கறி கொண்டுவருகிறவள்கூட, "எண்ணெ கப்பலுக்கு கொயந்தய காட்டுன வூடு இதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெங்காயத்தை நிறுத்தாள். சலூன்காரர் ஒருவர்தான் என் பக்கம். "வுடு மாமு. அந்தக் கப்பல்லயும் எத்தினி பேரு புள்ளய பாக்காம கீறானோ. அவனுங்க பாத்துருப்பானுங்க."

சரியான கப்பல் எங்களுக்குத் தெரிந்தாயிற்று. மாப்பிள்ளைக்கு எங்கள் மாடி தெரிய வேண்டுமே. கப்பலின் மேல்தள அதிகாரியிடம் கெஞ்சி பைனாகுலர் வாங்கிவைத்திருந்தான். ஆனாலும், "இங்கருந்து பாத்தா எல்லா மாடியும் ஒரே மாடிதான் மச்சான். ஒரு கறுப்பு டேங்கு, ஒரு சேல காயுது, ஒருத்தரு நிக்கிறாரு" என்றான். சிவப்புச் சேலை கட்டினோம். அன்று பார்த்து ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் எல்லோரும் சிவப்பையே துவைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

வழி காட்டியது சலூன் கண்ணாடி. நண்பர் தினமும் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி, யாரும் உட்காராத நாற்காலியைத் துடைத்து, கண்ணாடியையும் துடைத்துவிட்டு மூடுவார். அன்று கண்ணாடியைக் கழற்றி வாசலில் சாய்த்திருந்தார். எதிர்வீட்டு அக்கா சன்னலிலிருந்து கத்தினாள். "யோவ், கண்ணு அவியுது! திருப்புய்யா அத்த!" எதிர்வீட்டின் உள்சுவர் முழுக்க வெளிச்சம் தகதகத்தது. நான் படியில் நின்றபடி அதைப் பார்த்தேன். நண்பரும் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்துத் தூக்கினோம்.

"மாமு, பாத்து. ஒடைஞ்சா எனக்கு வேற பொயப்பு இல்ல" என்று மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் சொன்னார். சொன்ன இடத்திலேயே கீழ்மூலை சுவரில் இடித்து, விரல்நகம் அளவுக்குத் தெறித்தது. நண்பர் கண்ணை மூடித் திறந்து, அடுத்த படியில் காலை வைத்தார்.

சூரியன் கடலுக்கு மேலே நாலைந்து பனைமர உயரத்தில் இருந்தது. கண்ணாடியை நிமிர்த்திப் பிடித்தோம். வெளிச்சத்தை எங்கே போடுகிறோம் என்றே தெரியவில்லை. பக்கத்து மாடியிலிருந்து நைனா ஓட்டினார். "மொதல்ல செவுத்து மேல போடு. ஆங். இப்போ அப்டியே மெதுவா மேல ஏத்து. தெக்கால. ஐய, அவ்ளோ இல்லப்பா, கப்பல தாண்டி அந்தமானுக்கே பூட்ட!"

கைபேசி சுவர்மேல் ஸ்பீக்கரில் இருந்தது. "இல்ல மச்சான்... இல்ல... ஒண்ணும் இல்ல..." என்று மாப்பிள்ளையின் குரல். கண்ணாடியை ஒரு இம்மி திருப்பினோம், இன்னொரு இம்மி திருப்பினோம். தங்கச்சி குழந்தையை அணைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றாள்.

"ஆங்! ஆங் மச்சான்! மின்னுது! அப்டியே வை, ஆடாத!" அப்புறம் கைபேசியில் என்னவோ உரசியது. பைனாகுலரைச் சரிசெய்திருப்பான். "பாத்துட்டேன். பச்ச நைட்டியா? கையில வெள்ளத்துணில..." தங்கச்சி குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கினாள். நைனா தன் துண்டை எடுத்துச் சுற்றினார். எதிர்வீட்டு அக்கா, திட்டியவள், அவளும் மாடிக்கு வந்து கையை ஆட்டினாள்.

அன்று மாலை, சூரியன் எங்கள் முதுகுப் பக்கம் இறங்கியபோது, கப்பலின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு மின்னியது, அணைந்தது, மறுபடி மின்னியது. சவரக் கண்ணாடி, என்றான் கைபேசியில். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் காலையில் நாங்கள், மாலையில் அவன் என்று ஐந்து நாள் நடந்தது. கைபேசி இல்லாவிட்டால் இந்தக் கூத்தே நடந்திருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்னுகிறதா இல்லையா என்று சொல்ல ஒரு வாய் வேண்டுமே.

ஆறாம் நாள் கப்பல் துறைமுகத்துக்குள் போனது. கிடங்குகள் மறைத்ததில் எங்கள் மாடிக்குத் தெரியவில்லை. தூத்துக்குடி ஆளுக்கு இ-பாஸ் இரண்டு முறை தள்ளுபடி. உரம் அள்ளி முடிய நாலு நாள் என்றார்கள். முதல் நாள், இரண்டாம் நாள் என்று தங்கச்சி விரல் மடக்கினாள். மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஆளுக்குப் பாஸ் வந்தது. ராத்திரி முழுக்க வண்டியில் வந்து, மூக்கில் குச்சி விட்டுச் சோதனை முடித்து, கப்பல் கிளம்புவதற்கு முன்னால் ஏறினான். என் மாப்பிள்ளை இறங்கினான்.

இறங்கியவன் நேராக வீட்டுக்கு வரமுடியுமா? பதினாலு நாள் ஊருக்குள் ஒரு லாட்ஜில் தனியறை. கடலில் நின்றபோது தெரிந்தவன் ஊருக்குள் வந்ததும் தெரியாமல் போனான். பரவாயில்லை, பதினாலு என்பது எண்ணி முடிக்கக்கூடிய எண்.

பதினைந்தாம் நாள், தாடியும் தோள்வரை முடியுமாக வாசலில் வந்து நின்றான். வாசலிலேயே குளிக்கவைத்துத்தான் அம்மா உள்ளே விட்டாள். குழந்தையின் எதிரில் உட்கார்ந்து, தினமும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டான். குழந்தை குரலைக் கேட்டுச் சிரித்தது. சிரித்துவிட்டு, அலமாரிமேல் இருந்த கைபேசியைத் திரும்பிப் பார்த்தது. இவன் மறுபடி கூப்பிட, அது மறுபடியும் கைபேசியைப் பார்த்தது.

"அடப்பாவி, ஒரு வருசம் கயிச்சி வந்தா, என் பொண்ணு போனுக்கு பொறந்த மாதிரி பாக்குது மச்சான்!"

"தாடிய எடுப்பா மொதல்ல" என்றாள் அம்மா. "கொயந்தைக்கு மூஞ்சி எங்க கீதுன்னே தெர்ல."

நல்லவேளையாக, சலூன் திறக்கலாம் என்று அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை நண்பர் மாடிக்கு வந்து, "மாமு, என் கண்ணாடிய குடு" என்றார். இறக்கி, பழைய இடத்தில் மாட்டினோம். முதல் ஆளாக மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போர்த்தினார். தாடி கொத்துக்கொத்தாக மடியில் விழுந்தது. தங்கச்சி குழந்தையோடு வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

பாதி முகம் வந்ததும் அவன் கண்ணாடிக்குள்ளிருந்து மகளைப் பார்த்துக் கூப்பிட்டான். குழந்தை அங்குமிங்கும் தேடியது. தங்கச்சி வேண்டுமென்றே கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கடைசியில் அது கண்ணாடியில் இருந்த சோப்பு நுரை முகத்தைக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் நீட்டியது.

"ஆடாத மாப்ள, கத்தி கீது" என்றார் நண்பர்.

கேட்டால்தானே. பாதிச் சவரத்தோடு எழுந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டான். மீதிச் சவரம் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் நடந்தது. அந்தக் கண்ணாடியின் தெறித்த மூலையை நண்பர் இன்னும் மாற்றவில்லை. கேட்கிற வாடிக்கையாளருக்கெல்லாம் எண்ணெய்க் கப்பலில் ஆரம்பித்து முழுக்கதையும் சொல்கிறார்; அதில் நான் துணி ஆட்டியதையும் விடுவதில்லை.