காடுதானுங்க

என் மாமனாருக்குப் பொய் சொல்ல வராது. அந்த நல்ல குணத்தால் எங்கள் வீட்டுக்கு வந்த கேட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பாலக்காட்டு ஜில்லா வடகரப்பதிப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள் நான். பிறந்தது ஆனைமலையில், வாய்க்கால் பாசனம், நாலு பக்கமும் நெல். இங்கே வந்து பார்த்தால், கேரளம் என்று சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள், அப்படி ஒரு வறண்ட மண். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம், வானம் பார்த்த நிலமெல்லாம் காடு. 'காட்டுக்குப் போறேன்' என்று ஒருவர் கிளம்பினால் சொந்த நிலத்துக்குப் போகிறார் என்று அர்த்தம், புலி பார்க்க அல்ல. அந்த வகையில் என் பிறந்த ஊர்ப் பேச்சும் இதுவும் ஒன்றுதான்.

எங்களுக்கு இருந்தது கொறங்காடு. மாடு மேய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த புல்நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரை முழுக்கக் கொழுக்கட்டைப்புல். அதை மூன்று துண்டாகப் பிரித்து, துண்டுக்கொரு மூங்கில் படல் வைத்திருந்தார்கள். கறவை மாடுகள் முதலில் ஒரு துண்டில் மேயும். புல் குட்டையானதும் அவற்றை அடுத்த துண்டுக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தைக் கடிக்கச் செம்மறிகளை விடுவோம். அப்புறம் புல் மறுபடி நிமிரும்வரை அந்தத் துண்டில் ஒரு குளம்பு படக்கூடாது. சாணமும் புழுக்கையும் மக்கிய அந்த மண், பெய்கிற கொஞ்ச மழையையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துக்கொள்ளும். கோடையில் வெள்வேலங்காய் உதிரும், மாடுகள் அதைத் தின்று ஒப்பேற்றிக்கொள்ளும். பல வருஷத்துக்கு ஒருமுறை, புல் நைந்துபோன துண்டை மட்டும் உழுது சோளம் விதைத்து, திரும்பப் புல்லுக்கு விட்டுவிடுவார்கள். மூன்றையும் ஒருசேர உழுததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

வந்த புதிதில் எனக்கு அது முள்ளு முளைத்த பொட்டலாகத்தான் தெரிந்தது. கறக்க உட்கார்ந்தபிறகுதான் மரியாதை வந்தது. எங்கள் காங்கேயம் மாடுகள் சொம்பை ரொப்புகிற ரகம் அல்ல, ஆனால் அந்தப் பாலில் எடுத்த மோர் மணக்கும். அந்த மோரைக் குடித்துவிட்டுத்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அப்போது யார் யாரிடம் எவ்வளவு நிலம், எதில் என்ன விளைகிறது என்று சர்க்கார் ஆட்கள் ஊர் ஊராகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் மேற்கேயிருந்து வந்த மலையாளி அதிகாரி. சின்ன வயசு, தன்மையான மனிதர். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பார்த்து, பருத்திக்கொட்டை வாங்கக் கோவிந்தாபுரம் போயிருந்தார். நான் மோர் கொடுத்தேன். "மோரு கொள்ளாம்" என்று மெச்சி இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார். பிறகு கொறங்காட்டைக் காட்டி, "இது காடல்லே?" என்று மாமாவிடம் கேட்டார்.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"காடுதானுங்க. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல இருந்தே காடுங்க."

"மரமொக்கெ?"

"மரமத்தனையும் தன்னால மொளச்சதுங்க. நாங்க ஒண்ணக்கூட வெட்டுனதில்லீங்க."

ஒவ்வொரு பதிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன உண்மை. அதிகாரி எழுதிக்கொண்டார். நானும் பக்கத்தில் சொம்போடு நின்று பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டதும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டார்.

"ஏனுங்கப்பா, அவிங்களுக்குக் காடுன்னா வனமுங்க! யானை திரியற வனம்! வனம்னு எழுதுனா சர்க்கார் எடுத்துக்குமுங்க!"

"நம்ம காட்டுல ஏதுடா யானை?" என்றார் மாமா.

நான் சிரித்துவிட்டேன். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் வில்லேஜ் ஆபீசுக்குப் போனார்கள். தான் சொன்ன வார்த்தையைத் தானே திருத்துவதாக மாமா ஒரே பிடி. போய், "காடுன்னா அந்தக் காடில்லீங்க, இது கொறங்காடுங்க" என்றிருக்கிறார். அதிகாரி யோசித்துவிட்டு, "குறுங்காடோ? செறிய காடு" என்றாராம். சின்னக் காடும் காடுதானே! என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்து, இது மாட்டுக்காக வைத்திருக்கிற மேய்ச்சல், இதுவும் விவசாயம்தான் என்று மலையாளத்தில் விளக்கியிருக்கிறார். அப்படியானால் புல்லை யார் விதைத்தது என்று அதிகாரி கேட்டார். மகன் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"அதுபாட்டுக்குத் தன்னால மொளைக்குதுங்க."

சில மாசம் கழித்துத் திரும்ப வருவேன், அதற்குள் விதைத்து விளைந்திருந்தால் கிருஷி, அதாவது விவசாயம் என்று மாற்றித் தருகிறேன், இல்லையென்றால் சர்க்காருக்குப் போகும் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். நல்ல மனிதர்தான். தன்னால் முளைத்ததையும் ஒரு குடும்பம் காவல் காத்து வளர்த்திருக்கும் என்பதை எழுத அவரிடம் சொல் இல்லை. எனக்கு அவர்மேல் வந்ததைவிட அதிகக் கோபம் மாமாமேல்தான் வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கக்கூடாதா?

அன்றைக்கு ராத்திரி வீட்டில் இதே பேச்சுதான்.

"ஒரு துண்ட உழுது காட்டிப்போடலாம்" என்றார் மாமா.

"மத்த ரெண்டையும் காடுன்னு எழுதிப்போடுவாங்க. உங்களுக்கு மண்ணு மிஞ்சோணுமா, புல்லு மிஞ்சோணுமா?" என்றார் மகன்.

"மாடு என்னத்தத் திங்குமுங்க?" என்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் மூன்று துண்டையும் உழ ஏற்பாடு பண்ணக் கிளம்பிவிட்டார்.

புல்வேர் பின்னிக் கிடந்த அந்த மண்ணுக்கு எருது ஏர் போதாது என்று டிராக்டர் வந்தது. வெள்வேல மரங்களைத் தூரோடு பெயர்த்தார்கள். மாமா அந்தப் பக்கமே வரவில்லை, தொழுவத்தில் மாட்டுக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மாடுகளை அவிழ்த்துவிட்டதும் அவை வழக்கம்போல நேரே போய்ப் படலுக்கு முன்னால் நின்றன. உள்ளே புல் இல்லை என்று கண்ணால் பார்த்தும், திறக்கச் சொல்லி எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

கடலைக்காய் விதைத்தோம். முளைத்தது, நாலு இலையும் விட்டது. மழை வரவில்லை, ஆடிக் காற்றுதான் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது தள்ளிக்கொண்டு வரும் வேகத்தில், பிடித்துவைக்கப் புல்வேர் இல்லாத மண் புழுதியாகக் கிளம்பிக் கோயமுத்தூர்ப் பக்கம் போனது. மண்ணுக்கு ஏது செக்போஸ்ட்? எத்தனை தலைமுறைச் சாணம் என் கண்முன்னே பறந்தது! சமையலறை அடுக்குப்பானை வரைக்கும் அது படிந்தது. துடைக்கத் துடைக்க ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

தீவனத்துக்கு வழியில்லாமல் கறவைகளைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டினோம். செம்மறிகளும் போயின. உழவு எருதுகள் மட்டும் மிஞ்சின. ஒரு மயிலைப் பசு பாதி வழியிலேயே கயிற்றை அறுத்துக்கொண்டு திரும்பி வந்து, பழைய படலுக்கு முன்னால் நின்றது. மறுவாரம் அதையும் மாமாவே பிடித்துக்கொண்டு போனார்.

சொன்னபடி அதிகாரி வந்தார். காய்ந்த கடலைக்கொடியைக் குனிந்து பார்த்தார். விளையவில்லை, ஆனாலும் விதைத்தது விதைத்ததுதானே என்று என் வீட்டுக்காரரிடம் இரக்கமாகச் சொன்னார். நிலம் எங்களுக்கு நின்றுவிட்டது. அவர் மாமாவைப் பார்த்துச் சிரித்து, "அப்போ காடு போயல்லே?" என்றார்.

இந்தத் தடவை மாமாவுக்கு அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் தெரியும்.

"போச்சுங்க" என்றார். "எங்க காடு போச்சுங்க."

அதிகாரி சந்தோஷமாக எழுதிக்கொண்டார். வெயில் கடுமை, நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, அன்றைக்குக் குடித்த மோர் இருக்குமா என்று கேட்டார். நான் உள்ளே போய் அதே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.